மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர்: கம்பவுண்டருக்கு எவ்வளவு மருந்தியல் கற்பிக்கலாம்?

மாத்திரை அட்டைகள் பரவுவதற்கு முன்பு, இந்தியாவின் அரசு டிஸ்பென்சரிகளில் புறநோயாளி வாங்கிச் சென்ற மருந்து பெரும்பாலும் ஒரு புட்டிக்குள்தான் இருந்தது. புட்டியை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை ஜன்னலில் நீட்டினால், உள்ளே நிற்பவர் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றுவார், சீட்டில் கண்டதைக் கலப்பார், வேளைக்கு ஒரு வெட்டு என்று ஓரம் நறுக்கிய காகிதப் பட்டையைப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டுவார். புட்டியைத் திருப்பித் தரும்போது, குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வார். நோயாளிக்கும் மருத்துவத் துறைக்கும் இடையே நடந்த உரையாடல் பல சமயம் அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது.

அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு மருந்தியல் பாடம் இருந்தது. எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஸ்ட்ரிக்னைன் பசியைத் தூண்டவும் பலவீனம் போக்கவும் மிகச் சிறிய அளவில் எழுதித் தரப்பட்ட காலம் அது. அதே சீட்டில் பொட்டாசியம் புரோமைடும் இருந்துவிட்டால், கலவை முதலில் தெளிவாகவே தோன்றும். நாள்போக்கில் ஸ்ட்ரிக்னைன் புரோமைடு படிகமாகிப் புட்டியின் அடியில் இறங்கும். முதல் வேளைகளில் நோயாளி வெறும் தண்ணீரை ஒத்த ஒன்றைக் குடிப்பார். கடைசி வேளையில் அடியில் தங்கிய நஞ்சு முழுவதையும் விழுங்குவார். மருந்துக் கலப்பு பற்றிய பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த எடுத்துக்காட்டு இது. இத்தகைய கலவையைக் குலுக்கிக் குடிக்கச் சொல்வது போதாது. சீட்டை மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்புவதற்கு, ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவருக்கு இரண்டு மருந்துகளின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, மருத்துவர் எழுதியதை நிறுத்திக் கேட்கும் உரிமையும் வேண்டும்.

அங்கே நின்றவர் கம்பவுண்டர். திரைப்படங்கள் அவரை நகைச்சுவைப் பாத்திரமாக்கின. மருத்துவ வரலாற்று நூல்கள் அவரைப் பெரும்பாலும் அடிக்குறிப்பாக்கின. ஆனால் அவருக்கும் அவருக்கு முன்னும் பின்னும் அந்த இடத்தில் நின்றவர்களுக்கும் எவ்வளவு மருந்தறிவு கொடுக்கலாம் என்ற கேள்வி, இந்தியாவில் 1822 முதல் இன்றுவரை திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் விடை மருந்தியலிலிருந்து வரவில்லை. ஆட்களின் தேவை, சம்பளச் செலவு, பயிற்று மொழி, தொழில்முறை மருத்துவர்களின் அச்சம் ஆகியவற்றிலிருந்தே வந்தது.

1822 ஜூனில் கல்கத்தாவில் நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிட்யூஷன் தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகளுக்கும் சிவில் நிலையங்களுக்கும் உதவியாளர்கள் வேண்டியிருந்தனர். ஐரோப்பியரை அந்த வேலைக்கு வரவழைப்பது செலவு மிக்கது. தொடக்கத்தில் 20 மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். ஜேம்ஸ் ஜேம்சன், அவருக்குப் பின் பீட்டர் பிரெட்டன், பின்னர் ஜான் டைட்லர் ஆகியோர் கண்காணிப்பாளர்களாக இருந்தனர். பயிற்சி இந்திய மொழிகளில் நடந்தது. பாடநூல் இல்லாததால் பிரெட்டனே நூல்களைத் தயாரித்தார். உடலுறுப்புகளுக்கும் மருத்துவச் சொற்களுக்கும் ஆங்கிலம், அரபி, பாரசீகம், இந்தி, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் இணைச்சொற்கள் தரும் அகராதி ஒன்றையும் 1825இல் வெளியிட்டார். கீழ்நிலை உதவியாளருக்குப் பாடம் சொல்வதற்காக ஓர் அரசு ஐந்து மொழிச் சொற்பட்டியல் அச்சிட்டது என்பது, அந்த உதவியாளர் குறித்து அது கொண்டிருந்த எதிர்பார்ப்பு நாம் கருதுவதைவிடப் பெரியது என்பதைக் காட்டுகிறது.

இந்த ஏற்பாடு 13 ஆண்டுகளே நீடித்தது. பென்டிங்க் நியமித்த குழு 1834இல் அறிக்கை தந்தது. சார்லஸ் டிரெவெல்யனும் ராம் கமல் சென்னும் அக்குழுவில் இருந்தனர். உடலறுப்புப் பயிற்சி இல்லை, கற்பித்தல் குறைபாடுடையது, ஆங்கிலமே பயிற்று மொழியாக வேண்டும் என்பது அதன் முடிவு. டைட்லர் கடுமையாக எதிர்த்தார், பயனில்லை. 1835 ஜனவரி 28 ஆணையால் நிறுவனம் மூடப்பட்டு, கல்கத்தா மருத்துவக் கல்லூரி தோன்றியது. இந்திய நவீன மருத்துவத்தின் பிறந்தநாளாக இது கொண்டாடப்படுகிறது. கொண்டாடத் தகுந்ததுதான். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1839இல், அதே கல்லூரிக்குள் இந்துஸ்தானி மொழியில் ஒரு வகுப்பு திறக்கப்பட்டது. 1850-களின் தொடக்கத்தில் வங்காள மொழி வகுப்பும் வந்தது. பட்டதாரிகள் சிலரே, ராணுவமும் மாவட்டங்களும் கேட்ட உதவியாளர்களோ பலர். மூடிய கதவைத் தேவை பின்வாசல் வழியாகத் திறந்தது. ஆங்கிலத்தில் கற்றவர் மருந்தை எழுதுவார், தாய்மொழியில் கற்றவர் அதைக் கொடுப்பார் என்ற பிரிவினை இங்கேதான் நிலைபெற்றது.

சென்னையிலும் இதே படிநிலை வேறொரு வடிவில் அமைந்தது. 1835இல் ஆளுநர் ஃபிரெடரிக் ஆடம் காலத்தில் வில்லியம் மார்ட்டிமர் பொறுப்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய இளைஞர்களை மருத்துவப் பயிலுநர்களாகவும், இந்தியர்களை 'நேட்டிவ்' மருத்துவ மாணவர்களாகவும் தனித்தனியே எடுத்துக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் இருவரும் படித்தாலும் ஏறும் படிகள் வேறு. அப்பள்ளி 1850இல் கல்லூரியானது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 1864 முதல் மேலை மருத்துவத்தை முழுமையாகத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம். தமிழில் மருந்தியல் சொல்ல முடியாது என்பதால் சென்னையில் ஆங்கிலம் வந்தது என்ற வாதம் அதற்குமேல் நிற்காது.

மொழிச் சிக்கல் புலமை சார்ந்தது மட்டுமன்று, உயிர் சார்ந்தது. 1868இல் எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்த 'ஃபார்மகோப்பியா ஆஃப் இந்தியா' வெளிவந்தது. இந்தியாவில் கிடைக்கும் மூலிகைகள் பலவற்றை அது அரசு ஏற்ற மருந்துகளாக்கியது. கப்பலில் வரும் விலையுயர்ந்த சரக்குக்குப் பதில் கடைத்தெருச் சரக்கைப் பயன்படுத்தினால் டிஸ்பென்சரிகளின் செலவு குறையும் என்பது அதிலிருந்த கணக்கு. ஆனால் கடைத்தெருவில் சரக்கு வாங்கப் போகிறவர் லத்தீன் பெயரைச் சொல்லி வாங்க முடியாது. அங்கே ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒரே பொருளுக்கு மொழிக்கு மூன்று பெயர்கள் இருக்கும். அதிவிடயமும் நாவியும் தாவரவியலில் ஒரே பேரினம், இரண்டும் அக்கோனிட்டம். முதலாவது முறைக்காய்ச்சலுக்கு உகந்ததென அந்த ஃபார்மகோப்பியா ஏற்ற கசப்பு மருந்து. இரண்டாவது சிறிதளவிலேயே இதயத்தை நிறுத்தும் நஞ்சு. இரண்டும் கிழங்கு வேர்கள். உலர்ந்த நிலையில் மூட்டையில் கிடக்கும்போது, பழகாத கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது.

இந்த இடைவெளியை நிரப்பியவர் திருவல்லிக்கேணி டிஸ்பென்சரியில் பணியாற்றிய மொய்தீன் ஷெரீஃப். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஃபார்மகோப்பியா வந்த மறு ஆண்டே, 1869இல், அதற்குத் துணைநூல் ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். அரபி, பாரசீகம், தக்கணி, தமிழ், தெலுங்கு எனப் பல மொழிகளில் ஒவ்வொரு மருந்துக்கும் வழங்கும் பெயர்களைத் திரட்டி, எந்தப் பெயரில் கடைக்காரர் உண்மையில் எதைக் கொடுக்கிறார் என்பதை அவர் நேரில் வாங்கிப் பார்த்துப் பிரித்தெழுதினார். அறிவியல் பெயருக்குச் சமமான நாட்டுப் பெயரை எழுதிவிட்டு நகரும் முந்தைய பட்டியல்களிலிருந்து இது வேறுபட்டது. வெயிட்லா எய்ன்ஸ்லி 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப் பொருள் நூல் தமிழ்ப் பெயர்களை மதிப்போடு பதிவுசெய்தது. ஆனால் பெயர்களைச் சரக்கோடு ஒப்பிட்டுச் சந்தேகிக்கும் பழக்கம் மொய்தீன் ஷெரீஃபிடமே முழுமையடைந்தது. புறநோயாளிகள் நிறைந்த ஒரு டிஸ்பென்சரியில் நாள்தோறும் மருந்து வாங்கிக் கொடுக்கிற மனிதருக்குத்தான் அந்தச் சந்தேகம் தோன்றும். அவரது 'மெட்டீரியா மெடிக்கா ஆஃப் மெட்ராஸ்' அவர் மறைவுக்குப் பின் 1891இல் அச்சேறியது. இந்திய மருந்தியலின் முன்னோடிகளைப் பட்டியலிடும்போது கல்கத்தாவின் ஓ'ஷாக்னெசியைக் குறிப்பிடாதவர் இல்லை. திருவல்லிக்கேணியைக் குறிப்பிடுகிறவர் குறைவு. இது சரியன்று.

மருந்தறிவை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்த்தால் இக்காலத்தின் போக்கு தெளிவாகும். அளப்பதும் கலப்பதும் ஓர் அடுக்கு. பெயரும் அடையாளமும் இன்னோர் அடுக்கு. உடலுக்குள் மருந்து என்ன செய்கிறது, எப்போது செய்யாது, எப்போது கெடுக்கிறது என்பது மூன்றாவது. முதலடுக்கைக் கம்பவுண்டருக்குக் கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. இரண்டாவது, கடைத்தெருவின் கட்டாயத்தால் கொடுக்கப்பட்டது. மூன்றாவது மருத்துவருடைய தனிச்சொத்தாகவே வைக்கப்பட்டது. 1880-களின் தொடக்கத்தில் வங்காளத்தில் கம்பவுண்டர்களுக்கு முறையான பயிற்சி ஏற்பட்டபோதும் இதுவே நிலை. கிரெய்ன், டிராம், மினிம் என்ற அளவைகள், சீட்டில் வரும் லத்தீன் சுருக்கெழுத்துகள், நஞ்சுகளின் உச்ச அளவு, ஒன்றோடொன்று சேராத பொருள்கள் ஆகியவை அத்தொழிலின் அடிப்படைகள். குயினைன் சல்பேட் தண்ணீரில் எளிதில் கரையாது, நீர்த்த கந்தக அமிலத்தில் சில துளி சேர்த்தால் கரையும் என்பதைக் கம்பவுண்டர் அறிவார். அதில் காரப்பொருள் சேர்ந்தால் குயினைன் மீண்டும் பிரிந்து வீழ்ந்துவிடும் என்பதும் தெரியும். அதே குயினைன் குடித்தவருக்கு ஏன் காது இரைகிறது என்ற கேள்விக்கு விடை அவருடைய வேலைக்குள் அடங்காது.

காது இரைச்சல் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மலேரியாவின் வரலாற்றில் அது பெரியது. குயினைன் உரிய அளவில் உடலில் சேரும்போது பலருக்குக் காது இரையும், தலை சுற்றும், குமட்டும். மருந்தை நிறுத்தினால் அவை தணியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மருந்து தம்மைக் கெடுக்கிறது என்று இடையில் விட்டுவிடுவார், காய்ச்சல் திரும்பும். தமிழ்க் கிராமங்களில் 'கொய்னா' என்று வழங்கிய அந்தக் கசப்பு மருந்தின் மீதான வெறுப்பில் கசப்புக்கு மட்டுமல்லாமல், யாரும் விளக்காத இந்த இரைச்சலுக்கும் பங்குண்டு என்று கருத இடமுண்டு.

விளக்குவதற்கு ஆள் தேவையில்லை என்ற எண்ணம் உச்சத்தைத் தொட்டது 1892இல். நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைகளிலும் அரசே சிங்கோனா பயிரிட்டு, மருந்தும் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு வங்காளத்தில் குயினைனைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பொட்டலம் ஒரு பைசா என்று அஞ்சலகங்களில் விற்கத் தொடங்கினர். பொட்டலம் கட்டும் வேலைக்குச் சிறைக்கைதிகள் பயன்படுத்தப்பட்டனர். நிர்வாகத் திறமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மருத்துவமனை இல்லாத ஊரிலும் அஞ்சலகம் இருந்தது. அஞ்சலகத்தின் கணக்கு முறை கச்சிதமானது. பைசா எந்த ஏழையிடமும் இருந்தது. முறை மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. ஆனால் பொட்டலத்தைக் கொடுத்தவர் அஞ்சல் அலுவலர். ஒரு பொட்டலம் ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா, குழந்தைக்குப் பாதியா, காய்ச்சல் விட்டபின் எத்தனை நாள் தொடர வேண்டும் என்று கேட்க அவரிடம் போக முடியாது. மக்கள் ஒன்றிரண்டு பொட்டலம் வாங்கினர், காய்ச்சல் தணிந்ததும் நிறுத்தினர். மருந்து போய்ச் சேர்ந்தது, மருந்தறிவு சேரவில்லை. அரசின் ஆவணங்கள் விற்ற பொட்டலங்களைத் துல்லியமாக எண்ணின. குணமானவர்களை அவ்வாறு எண்ணுவதற்கு அஞ்சலகத்தில் வழியில்லை.

மருந்தின் தரமும் இதற்கிடையே சந்தேகத்துக்குரியதாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் இந்தியச் சந்தையில் கலப்படமும் வலுக்குறைந்த சரக்கும் பெருகின. 1927 மார்ச்சில் கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டில் ஹாரூன் ஜாஃபர் இதற்கெனச் சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1930 ஆகஸ்டில் கர்னல் ராம் நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. கேம்பிரிட்ஜில் பயின்று, 1921 முதல் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிக்கல் மெடிசினில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் சோப்ரா. மருந்துப் பொருள்களின் பட்டியலாக இருந்த பாடத்தைச் சோதனைச்சாலை அறிவியலாக இந்தியாவில் மாற்றியதில் அவருக்கு முதன்மையான இடம் உண்டு.

1931இல் வந்த குழுவின் அறிக்கை புட்டியோடு நிற்கவில்லை. கலப்பட மருந்தைத் தடுக்க வேண்டும் என்றதோடு, மருந்தைக் கையாளும் தொழிலே நாட்டில் ஒழுங்குபடுத்தப்படாமல் கிடக்கிறது என்றும் சுட்டியது. யார் வேண்டுமானாலும் மருந்துக்கடை திறக்கலாம், யார் வேண்டுமானாலும் கலக்கலாம் என்ற நிலை நீடிக்கக் கூடாது, மருந்துச் சட்டமும் மருந்தாளுநர் தொழிற்சட்டமும் சேர்ந்தே வர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சரக்கு சரியாக இருந்து கை தவறானால் என்ன பயன் என்ற கேள்வி அதில் அடங்கியிருந்தது.

இரண்டும் சேர்ந்து வரவில்லை. 1935 அரசமைப்புச் சட்டம் இப்பொருளை மாகாணங்களிடம் ஒப்படைத்திருந்ததால் மத்தியில் சட்டம் இயற்ற மாகாணங்களின் இசைவு தேவைப்பட்டது. 1937இல் இறக்குமதியை மட்டும் கட்டுப்படுத்தும் மசோதா வந்தது. அது போதாது என்று தெரிவுக்குழு கூறியது. 1940 ஏப்ரலில் மருந்துச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 1945இல் வந்தன. உற்பத்தி, விற்பனை பற்றிய அத்தியாயம் 1947 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. கையைப் பற்றிய சட்டம், அதாவது ஃபார்மசி சட்டம், 1948 மார்ச்சில் பிறந்தது. அறிக்கைக்கும் அதற்கும் இடையே 17 ஆண்டுகள். இதற்குள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932இல் தொடங்கிய மருந்தாக்கக் கல்வி, 1937இல் பட்டப்படிப்பாக வளர்ந்திருந்தது. எனினும் அங்கிருந்து வந்த பட்டதாரிகளின் நாட்டம் ஆலைகளையும் ஆய்வுக்கூடங்களையும் நோக்கியதாக இருந்தது. டிஸ்பென்சரி ஜன்னலுக்கு அவர்கள் வரவில்லை. வரும் அளவுக்குச் சம்பளமும் அங்கே இல்லை.

1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையில் ஓர் எண் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 47,500 மருத்துவர்கள் இருந்தபோது, தகுதிபெற்ற மருந்தாளுநர்கள் 75 பேர். 40 லட்சம் மக்களுக்கு ஒருவர். இந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் பற்றாக்குறைக்குச் சான்றாக அதைக் காட்டுகிறார்கள். வேறொன்றையும் அது சொல்கிறது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஜன்னல்களில் நாள்தோறும் மருந்து கலந்து கொடுத்தவர்கள் 'தகுதிபெற்றோர்' கணக்கில் வரவே இல்லை. வேலை அவர்களுடையது, எண்ணிக்கையில் இடம் அவர்களுக்கில்லை.

அதே குழு உரிமச் சான்று பெற்ற மருத்துவர்கள், அதாவது லைசென்ஷியேட் எனப்பட்டோர், உருவாவதை நிறுத்தப் பரிந்துரைத்தது. அன்றைய மருத்துவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் அந்தப் பிரிவினர். கல்கத்தாவின் தாய்மொழி வகுப்புகளிலிருந்து வந்த மரபின் வாரிசுகள். அனைவருக்கும் ஒரே தரமான மருத்துவர் என்ற இலட்சியம் இதற்குக் காரணம். உறுப்பினர்களில் ஆறு பேர் மாற்றுக் கருத்து எழுதினர்: போதிய பட்டதாரிகள் உருவாகும்வரை குறுகிய படிப்பை நிறுத்துவது கிராமங்களைக் கைவிடுவதாகும் என்றனர். பெரும்பான்மையின் கருத்து வென்றது. ஒரே தரம் என்ற இலட்சியத்தை இன்று குறைசொல்வது எளிது. நாட்டுப்புறத்தானுக்கு இரண்டாம்தர மருத்துவர் போதும் என்ற காலனிய எண்ணத்தை மறுக்கும் துணிவு அதில் இருந்தது என்பதை மறக்கலாகாது. ஆனால் லைசென்ஷியேட் வெளியேறிய இடத்துக்குப் பல ஊர்களில் பட்டதாரி வரவில்லை. மருத்துவரில்லாத நாளில் சீட்டை எழுதுவதும் கம்பவுண்டரே, கொடுப்பதும் அவரே என்றாயிற்று. மூன்றாம் அடுக்கு அறிவைக் கற்பிக்காமல், அதன் பொறுப்பை மட்டும் அவர்மேல் ஏற்றியது எந்தச் சட்டமும் அன்று. காலியாகக் கிடந்த நாற்காலி.

1948 சட்டம் அவரை எப்படி எதிர்கொண்டது என்பது கவனிக்கத் தக்கது. அதன் 31ஆம் பிரிவின்படி, மருத்துவமனையிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்தாண்டு மருந்து கலந்த அனுபவம் உள்ளவர் முதல் பதிவேட்டில் மருந்தாளுநராகச் சேரலாம். ஒரே கையெழுத்தில் பல கம்பவுண்டர்கள் மருந்தாளுநர்களானார்கள். நியாயமான ஏற்பாடு, இல்லாவிட்டால் டிஸ்பென்சரிகள் மறுநாளே மூடப்பட்டிருக்கும். 1976 திருத்தத்தில் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய இந்திய வம்சாவளியினர் போன்றோருக்கும் இதுபோன்ற வாசல் ஒன்று திறக்கப்பட்டது. மறுபுறம், பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறெவரும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கக் கூடாது என்றது 42ஆம் பிரிவு. இதை மீறினால் ஆறு மாதம் வரை சிறை என்று அப்போது விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் அது எந்த நாள் முதல் செல்லும் என்பதை மாநில அரசுகளே அறிவிக்க வேண்டும் என்றிருந்ததால் பல மாநிலங்களில் அந்த நாள் வரவேயில்லை. 1976 திருத்தம் கெடு விதித்தது. முதலில் ஐந்தாண்டு, பிறகு அது எட்டாண்டாக நீட்டப்பட்டது. அறிவிக்காத மாநிலங்களிலும் 42ஆம் பிரிவு தானாகவே உயிர்பெற்றபோது ஆண்டு 1984. சட்டம் இயற்றி 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குள் ஜன்னலின் தொழிலே மாறிவிட்டது. சல்ஃபா மருந்துகள், பென்சிலின், பின்னர் ஆலைகளிலிருந்து எண்ணி அடைத்து வரும் மாத்திரைகள் ஆகியவை கலக்கும் வேலையைக் கரைத்துவிட்டன. சேராத உப்புகள் அடியில் படிவதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. ஆபத்து புட்டிக்குள்ளிருந்து உடலுக்குள் இடம்பெயர்ந்தது: ஒரு மாத்திரை இன்னொன்றின் வேகத்தைக் கூட்டுவது, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான அளவே மிகையாவது, பாதியில் நிறுத்திய நுண்ணுயிர்க்கொல்லி பயனற்றுப்போவது. முதல் இரண்டு அடுக்கும் ஆலைக்குப் போய்விட, ஜன்னலில் எஞ்சியது இதுவரை கொடுக்க மறுத்த மூன்றாம் அடுக்கு மட்டுமே. அளப்பதற்கும் கலப்பதற்கும் பயிற்றப்பட்ட தொழில், விளக்கிச் சொல்வதற்கான தொழிலாக மாற வேண்டிய தருணம் அது. மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, கவரின்மேல் காலை, பகல், இரவு எனக் கோடிட்டுத் தரும் தொழிலாகத்தான் பெரும்பாலும் மாறியது.

தேவை மீண்டும் பின்வாசல் வழியே வந்தது. மருந்து விதிகளின் கே அட்டவணையில் 23ஆம் இனம், ஆரம்ப சுகாதார நிலையங்களையும் துணை நிலையங்களையும் சேர்ந்த பல்நோக்குப் பணியாளர்கள், சுகாதாரத் தன்னார்வலர்கள், செவிலியர், துணைச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் அரசுத் திட்டங்களின் கீழ் கொடுக்கும் மருந்துகளுக்கு விற்பனை உரிமம் தேவையில்லை என விலக்களிக்கிறது. முன்வாசலில் 42ஆம் பிரிவு காவல் நிற்க, பக்கத்து வாசலில் விலக்கு நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தியப் புறநோயாளிச் சேவை உண்மையில் எப்படி நடக்கிறது என்பது விளங்கும்.

அஸ்ஸாமில் இந்த முரண் நீதிமன்றம் வரை சென்றது. 2004இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, மருத்துவமும் கிராமச் சுகாதாரமும் சேர்ந்த மூன்றாண்டு டிப்ளமா படிப்பை ஜோர்ஹாட்டில் தொடங்கியது. படித்து முடித்தவர்கள் குறிப்பிட்ட நோய்களுக்கு, குறிப்பிட்ட மருந்துகளைக் கிராமங்களில் எழுதிக் கொடுக்கலாம். லைசென்ஷியேட் 60 ஆண்டுகளுக்குப் பின் வேறு பெயரில் திரும்பினார் என்றே சொல்லலாம். இந்திய மருத்துவச் சங்கத்தின் அஸ்ஸாம் கிளை வழக்குத் தொடுத்தது. 2014இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டே மாநில அரசு இன்னொரு சட்டம் இயற்றி, அதே டிப்ளமாதாரர்களைச் சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் என்ற பெயரில் பதிவுசெய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 2004 சட்டம் செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. 2015 சட்டம் செல்லும் என்றது. மருத்துவக் கல்வித் தரத்தை நிர்ணயிப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்பது நீதிமன்றம் கண்ட சட்டச் சிக்கல். அதில் தவறு காண இடமில்லை. ஆனால் மூன்றாண்டில் அவர்கள் கற்ற மருந்தியல் போதுமா என்பது அந்த வழக்கின் கேள்வியாக இருக்கவில்லை. 1835இலும் 1946இலும் அது மையக் கேள்வியாக இருக்கவில்லை.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 முதல், நாடெங்கும் துணை சுகாதார நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்டன. செவிலியர்களும் ஆயுர்வேதப் பட்டதாரிகளும் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்துச் சமுதாய சுகாதார அலுவலர்களாக அங்கே அமர்ந்தனர். மருத்துவர் தொடங்கி வைத்த ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை மாதந்தோறும் எண்ணித் தருவது அவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில், இடைநிலைச் சமுதாய சுகாதார வழங்குநர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் என்ற கருத்தையும் கொண்டுவந்தது. மருத்துவர் அமைப்புகள் போராடின. அரசு, 1839இல் போலவே, ஆட்கள் போதவில்லை என்றது.

துணை நிலையத்துக்கு வரும் முதியவர் சர்க்கரை மாத்திரையை வாங்கிக்கொண்டு, சாப்பிடாத நாளிலும் போட வேண்டுமா என்று கேட்கிறார். பதில் எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது: மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் வாய்ப்பு குறைவு, கிளிபென்கிளமைட் என்றால், பட்டினி வயிற்றில் அதைப் போட்டவர் மயங்கி விழலாம். இரண்டும் ஒரே கவரில், வெள்ளை மாத்திரைகளாக இருக்கக்கூடும்.